எய்ட்ஸ் காலத்து நாவல்களில் ஒன்றே ஒன்று என்றால் எதை எடுப்பது?

எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த கூட்டத்துக்கு எய்ட்ஸ் காலத்தையும் அதில் சிக்கிய தன்பாலீர்ப்பு ஆண்களையும் பற்றிய புனைவு ஒன்றை வாசிக்கலாம் என்று முடிவாகிவிட்டது. எதை என்பதில்தான் இழுபறி. ஒருவர் புக்கர் பரிசு வாங்கியதைத்தான் எடுக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் முந்நூறு பக்கத்தைத் தாண்டினால் ஆளை விடுங்கள் என்கிறார். ஆளுக்கொரு பக்கம் இழுப்பதைவிட, பேச்சில் அடிபட்ட பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாமே என்றுதான் இதை எழுதுகிறேன். இந்த விஷயத்தில் ஒரு புத்தகம் வாசித்தால் போதும் என்று இருப்பவருக்கும் இது உதவலாம். கதையின் திருப்பங்கள் சில வெளியே வரும். இந்தப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் யாரோ சாகப்போகிறார்கள் என்பது பின்னட்டையிலேயே தெரிந்துவிடுவதால் அதற்காக நான் பெரிதாக வருத்தப்படவில்லை.

முதலில் கொஞ்சம் காலக்கணக்கு. இது இல்லாமல் எந்தப் புத்தகத்தையும் எடைபோட முடியாது. 1981 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் தன் வார அறிக்கையில், லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான ஒரு நிமோனியா வந்திருப்பதாகக் குறிப்பிட்டது. ஐந்து பேரும் தன்பாலீர்ப்பாளர்கள். 1982இல் நோய்க்கு எய்ட்ஸ் என்று பெயர் வந்தது. 1983இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். 1985 மார்ச்சில் ரத்தப் பரிசோதனை வந்தது. 1987 மார்ச்சில் ஏஇசட்டி என்ற முதல் மருந்து வந்தது. யானை விலை, கடுமையான பக்கவிளைவு, பலனும் கொஞ்ச காலத்துக்குத்தான். நோயாளிகளை உண்மையிலேயே பிழைக்கவைத்த கூட்டு மருந்துகள் 1996 வாக்கில்தான் பரவலாகக் கிடைத்தன.

இந்த வரிசையில் 1985க்கும் 1996க்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் கவனியுங்கள். நோய் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளலாம். தெரிந்துகொண்டு செய்ய ஒன்றும் இல்லை. முடிவு வெளியே கசிந்தால் வேலை போகும், காப்பீடு போகும், வாடகை வீடு போகும். அதனால் பரிசோதனையே வேண்டாம் என்று இருந்தவர்கள் ஏராளம். நல்ல நாவல்கள் பலவும் இந்த இடைவெளிக்குள்தான் நடக்கின்றன. ஒரு நாவலாசிரியருக்கு இதைவிடக் கொடூரமான, இதைவிட வசதியான சூழ்நிலை அமையாது.

நம் பக்கத்துக் கணக்கு வேறு. 1986இல் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகள் சென்னையில்தான் கண்டறியப்பட்டன. மருத்துவர்கள் சுனிதி சாலமனும் நிர்மலாவும் செய்த வேலை அது. அப்புறம் வந்த புள்ளிராஜா விளம்பரங்களை மறந்த தமிழர் குறைவு. அந்த விளம்பரங்கள் வழியாக நம் மனதில் பதிந்த எய்ட்ஸ் நோயாளி, ராத்திரியில் வழி தவறிய குடும்பஸ்தன். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த நோய் ஒரு குறிப்பிட்ட நட்பு வட்டத்தைத்தான் முதலில் அறுத்துக்கொண்டு போனது என்பது நம்மில் பலருக்குச் செய்தியாகத் தெரியும், உள்ளே இறங்கியிருக்காது. சொந்தக் குடும்பம் கைகழுவிவிட, ஊரை விட்டு ஒரு பெருநகரத்துக்கு வந்து, அங்கே நண்பர்களையே குடும்பமாக ஆக்கிக்கொண்டவர்கள் அவர்கள். அந்தக் குடும்பம் பத்து வருஷத்துக்குள் காலியானது. 1985இல் முப்பது வயதாக இருந்த ஒருவர் தன் டெலிபோன் டைரியில் பெயர்களை அடித்துக்கொண்டே வந்திருப்பார். சாவு எல்லா நோயிலும் உண்டு. ஒரு தலைமுறை நண்பர்கள் ஒருவரையொருவர் அடக்கம் செய்துகொண்டே போனது இதில்தான்.

ஆகவே என் அளவுகோல் இது: எந்தப் புத்தகம் அந்த நட்பு வட்டத்தைக் காட்டுகிறது? ஆங்கிலம் எவ்வளவு கடினம், எத்தனை பக்கம், கூட்டத்தில் பேச என்ன கிடைக்கும் என்பவை அடுத்துத்தான். புக்கர் கட்சிக்காரர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

சிலவற்றை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். லாரி கிரேமரின் 'தி நார்மல் ஹார்ட்' 1985இல் நியூயார்க்கில் மேடையேறிய நாடகம்; கோபமே உருவானது. டோனி குஷ்னரின் 'ஏஞ்சல்ஸ் இன் அமெரிக்கா' 1993இல் புலிட்சர் வாங்கியது. இரண்டும் பெரிய படைப்புகள். ஆனால் நாடகப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பது நம் வட்டத்தில் எப்போதும் சப்பென்றுதான் போயிருக்கிறது. ஆர்மிஸ்டட் மோப்பின் சான் பிரான்சிஸ்கோ நாளிதழில் தொடராக எழுதிய 'டேல்ஸ் ஆஃப் த சிட்டி' நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதை ரசிகர்களுக்கு ரொம்பவே பிடிக்கும். அதில் எய்ட்ஸ் வருவது நான்காவது புத்தகத்தில். மூன்று புத்தகங்களில் பழகின ஒரு பாத்திரம் நான்காவது தொடங்கும்போது இறந்துபோயிருக்கிறான். அந்த அடி விழ வேண்டுமென்றால் முதல் மூன்றையும் வாசித்திருக்க வேண்டும். ஒரு கூட்டத்துக்கு நடக்காது.

மிச்சம் நான்கு நாவல்கள், ஒரு சிறுகதை.

வாக்கெடுப்பு நடத்தினால் ஜெயிக்கப்போவது கோல்ம் டோபீனின் 'தி பிளாக்வாட்டர் லைட்ஷிப்' என்று நினைக்கிறேன். 1999இல் வந்தது, அந்த வருஷப் புக்கர் இறுதிப் பட்டியலில் இருந்தது. முந்நூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும். ஆங்கிலம் தெளிந்த தண்ணீர். கதை 1990களின் தொடக்கத்து அயர்லாந்தில் நடக்கிறது. தன்பாலுறவு அங்கே குற்றம் என்ற சட்டம் 1993இல்தான் நீங்கியது. ஹெலன் டப்ளினில் தலைமை ஆசிரியை. கணவன், இரண்டு பையன்கள். ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவன் வந்து, உங்கள் தம்பி டெக்ளன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறான் என்று சொல்கிறான். தம்பிக்கு எய்ட்ஸ் என்பதும் அது முற்றிய நிலையில் இருப்பதும் அப்போதுதான் அக்காவுக்குத் தெரிகிறது. டெக்ளனின் ஆசை, வெக்ஸ்ஃபர்ட் கடற்கரையில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போக வேண்டும் என்பது. கடல் அரித்துக்கொண்டே வரும் கரை அது. அந்த வீட்டில் பாட்டி, அம்மா லிலி, ஹெலன், டெக்ளன், அவனுடைய நண்பர்கள் பால், லாரி என்று ஆறு பேர் சில நாள் சேர்ந்து இருக்க வேண்டியிருக்கிறது.

பாட்டிக்கும் அம்மாவுக்கும் ஆகாது. அம்மாவுக்கும் மகளுக்கும் பல வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. ஹெலனின் அப்பா புற்றுநோயில் செத்த காலத்தில் தொடங்கிய மனக்கசப்பு. யார் முதலில் இறங்கி வருவது என்ற வீம்பு. இதையெல்லாம் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நம்மில் பாதிப் பேர் வீட்டில் இது நடந்துகொண்டிருக்கிறது.

அதனாலேயே எனக்குத் தயக்கம். கூட்டத்தில் ரெண்டு மணி நேரமும் அம்மா-மகள் சண்டையைப் பற்றியே பேசிவிட்டு எழுந்து போவோம். டெக்ளன் பக்கத்து அறையில் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பான். நாவலே கொஞ்சம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. பால் தன் காதல் கதையைச் சொல்கிறான். அயர்லாந்து ஜனாதிபதி மேரி ராபின்சன் மாளிகைக்கு ஒரு குழுவாகப் போனதைத் தொலைக்காட்சிச் செய்தியில் காட்டிவிட்டதால் ஊருக்கே தன் விஷயம் தெரிந்துபோன கதையை லாரி சொல்கிறான். நாவலிலேயே சிரிக்கவைக்கும் இடம் அது. டெக்ளன் மட்டும் தன்னைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. யாரைக் காதலித்தான், எப்படி வாழ்ந்தான் என்பது மங்கலாகவே இருக்கிறது. பெண்கள் ஒருவருக்கொருவர் பேசத் தொடங்குவதற்கு அவன் சாக வேண்டியிருக்கிறதோ என்று ஒரு கட்டத்தில் எரிச்சலே வந்தது.

ஆனாலும் ஒரு விஷயத்தை டோபீன் அளவுக்குத் துல்லியமாக வேறு யாரும் எழுதவில்லை. எந்த மாத்திரை எப்போது, காய்ச்சல் எவ்வளவு ஏறினால் ஆஸ்பத்திரிக்குப் போன் போட வேண்டும், அவனை எப்படிப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பதெல்லாம் பாலுக்கும் லாரிக்கும் அத்துப்படி. பெற்றவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத கோபத்தில் அந்த நண்பர்களை வெளியேற்றப் பார்க்கிறாள். ரத்த உறவுக்கா, கூடவே இருந்து பார்த்துக்கொண்டவனுக்கா, யாருக்கு அந்தக் கட்டில் ஓரம் சொந்தம்? இந்தக் காலத்தின் பெரிய சண்டையை ஒரு வீட்டுச் சமையலறைக்குள் கொண்டுவந்துவிட்டார். இந்த ஒரு கேள்விக்காகவே நாவலை எடுக்கலாம் என்று யாராவது வாதாடினால் நான் ரொம்ப எதிர்க்க மாட்டேன்.

ஆலன் ஹாலிங்ஹர்ஸ்டின் 'தி லைன் ஆஃப் பியூட்டி' 2004இல் புக்கர் பரிசு பெற்றது. வாக்கியத்துக்கு வாக்கியம் பார்த்தால் இங்கே பேசும் நான்கில் இதுதான் உச்சம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிக் கெஸ்ட் என்ற ஆக்ஸ்ஃபர்ட் பட்டதாரி, நண்பனுடைய அப்பாவான கன்சர்வேடிவ் எம்.பி. ஒருவரின் நாட்டிங் ஹில் வீட்டில் வந்து தங்குகிறான். 1983, 1986, 1987 என்று மூன்று பாகம். முதல் பாகத்தில் நோயே இல்லை. நகராட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கும் லியோ என்ற கருப்பின இளைஞனோடு நிக்கின் முதல் காதல். இரண்டாம் பாகத்தில் பணம், கோக்கைன், சூப்பர் மார்க்கெட் அதிபரின் மகனான லெபனான் வம்சாவளி வானியோடு ரகசிய உறவு. பிரதமர் மார்கரெட் தாட்சர் விருந்துக்கு வருகிறார், போதையில் இருக்கும் நிக் அவரை நடனத்துக்குக் கூப்பிடுகிறான், அவரும் ஆடுகிறார். சமகால ஆங்கில நாவலில் இவ்வளவு ஆனந்தமான அபத்தம் எனக்கு நினைவில்லை.

மூன்றாம் பாகத்தில் கணக்குத் தீர்க்கப்படுகிறது. இந்த நாவல் முழுக்கவே நோய் பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் உள்ளே வருகிறது. குடும்ப நண்பரான ஒரு நடிகர் சாகிறார். எதனால் என்பதை அந்த வீட்டார் வாயால் சொல்ல மாட்டார்கள், வேறு ஏதோ தொற்று என்று பூசி மெழுகுவார்கள். லியோவின் சகோதரி நிக்கைத் தேடி வருகிறாள். அவள் எதைச் சொல்ல வந்திருக்கிறாள் என்பது நமக்கு அவள் உட்கார்வதற்கு முன்பே புரிந்துவிடுகிறது. வானி உருக்குலைந்துபோகிறான். அதே வீட்டில் எம்.பி.யின் ஊழலும் கள்ளத்தொடர்பும் வெளியே வரும்போது, குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவது அங்கே விருந்தாளியாக இருந்த தன்பாலீர்ப்பாளன்தான்.

பிறகு ஏன் இதை எடுக்கவில்லை? முதலாவது, வாசிப்புச் சிரமம். ஐநூறு பக்கம். சுற்றி வளைக்கும் நீண்ட வாக்கியங்களுக்குப் பேர்போன பழைய நாவலாசிரியர் ஹென்ரி ஜேம்ஸின் நிழல் எல்லாப் பக்கத்திலும் விழுகிறது. ஆங்கில மேல்தட்டின் வர்க்க நையாண்டி, யார் யாரை எந்தத் தொனியில் கூப்பிடுகிறார் என்பதில் ஒளிந்திருக்கிறது. நம் வட்டத்தில் பாதிப் பேர் நூறாம் பக்கத்தில் நின்றுவிடுவார்கள், நின்றதைச் சொல்லாமல் கூட்டத்துக்கு வருவார்கள். உடலுறவுக் காட்சிகள் வெளிப்படையானவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அதில் பிரச்சினை இல்லை. முன்கூட்டியே தெரிந்திருந்தால் கூட்டத்தில் நெளிய வேண்டியிருக்காது. இரண்டாவதுதான் முக்கியம்: நிக்குக்கு வட்டம் கிடையாது. பணக்கார வீட்டின் மாடியறையில் ஒண்டிக்கொண்டு, அந்த வீட்டின் அழகில் மயங்கிக் கிடக்கிறான். 1980களின் லண்டனில் தன்பாலீர்ப்பு ஆண்கள் கூடிச் செய்த வேலைகள், உதவித் தொலைபேசிகள், நோயாளிகளின் வீடுகளுக்குத் தினமும் போய்வந்த தோழர்கள், இவை எதுவும் அவன் ஜன்னலிலிருந்து தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் நாவலின் நோக்கம் என்று சொல்லலாம். அப்படியானால் இது தாட்சர் கால இங்கிலாந்தைப் பற்றிய மகத்தான நாவல். எய்ட்ஸ் காலத்துக்கு ஒரே சாட்சியாக இதை நிறுத்த முடியாது.

மூன்றாவது புத்தகத்தை முன்மொழிந்தவர் ஒருவர்தான், ஆனால் அவர் விடவே இல்லை. எர்வே கிபேரின் பிரெஞ்சு நாவல், 1990. ஆங்கிலத்தில் 'டு த ஃப்ரெண்ட் ஹூ டிட் நாட் சேவ் மை லைஃப்'. எழுதியவருக்கே நோய் இருந்தது. 1991 டிசம்பரில் 36 வயதில் இறந்துபோனார். நூறு துண்டுகளாக எண்ணிட்டு எழுதியிருக்கிறார், சில துண்டுகள் ஒரு பக்கம் கூட இல்லை. கதைசொல்லியின் பெயரும் எர்வே. அவனுடைய நண்பனாக வரும் தத்துவவாதி முசில், 1984 ஜூனில் இறந்த மிஷல் ஃபூக்கோதான் என்று பாரிஸில் எல்லாருக்கும் தெரிந்தது. ஃபூக்கோ எதனால் இறந்தார் என்பது அதுவரை பொதுவெளியில் மூடி வைக்கப்பட்டிருந்தது. செத்துப்போன நண்பனின் ரகசியத்தை எழுதலாமா என்று பெரிய சண்டை எழுந்தது. நான் எழுதுவது என் சாவையும்தான் என்பது கிபேரின் தரப்பு. தலைப்பில் வரும் நண்பன் வேறு ஆள்: பில் என்ற அமெரிக்கன், ஒரு தடுப்பூசிச் சோதனையில் உன்னைச் சேர்த்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்து இழுத்தடிப்பவன்.

இதில் ஆறுதல் என்ற பேச்சே கிடையாது. ரத்தத்தில் நோயை எதிர்க்கும் டி4 அணுக்களின் எண்ணிக்கை இறங்குவதை ஒருவன் வங்கி இருப்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறான். டாக்டருக்கு டாக்டர் அலைகிறான். நண்பர்கள்மேல் பொறாமைப்படுகிறான், பழிவாங்குகிறான், சில இடங்களில் அற்பமாக நடந்துகொள்கிறான். நோயாளி என்றால் நல்லவனாக இருந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பை ஒரேயடியாக உடைத்துப்போட்டது எனக்குப் பிடித்திருந்தது. டோபீனின் டெக்ளன் பேசாமல் விட்டதையெல்லாம் இவன் பேசுகிறான். தனியாக, ராத்திரியில், ஒரே மூச்சில் வாசிக்க இந்தப் பட்டியலில் இதைவிட வலுவான புத்தகம் இல்லை.

கூட்டத்துக்கு? ஃபூக்கோவைப் பற்றிய வம்பளப்பாக அது முடியும் என்று என்னால் எழுதியே கொடுக்க முடியும். நம்மில் இரண்டு பேர் ஃபூக்கோ வாசித்தவர்கள், இரண்டு பேரும் சத்தமாகப் பேசுகிறவர்கள்.

சரி, என் தேர்வுக்கு வருகிறேன். ரெபெக்கா மக்காயின் 'தி கிரேட் பிலீவர்ஸ்'. 2018இல் வந்தது, புலிட்சருக்கும் அமெரிக்க தேசியப் புத்தக விருதுக்கும் இறுதிச்சுற்று வரை போனது. கதை சிகாகோவில், 1985இல் தொடங்குகிறது. நிகோ என்ற இளைஞன் இறந்துவிட்டான். இருபது மைல் தள்ளி ஒரு தேவாலயத்தில் பெற்றோர் அடக்கப் பூசை நடத்துகிறார்கள். அங்கே நண்பர்களுக்கு இடமில்லை. அதே நேரத்தில் நண்பர்கள் ஒரு வீட்டில் கூடி, நிகோ கேட்டுக்கொண்டபடியே, குடித்துப் பாட்டுக் கேட்டு அவனுக்கு விடைகொடுக்கிறார்கள். கதாநாயகன் யேல் துக்கம் தாங்காமல் கொஞ்ச நேரம் மாடிக்குப் போகிறான். திரும்பி இறங்கி வந்தால் கீழே ஒருத்தரும் இல்லை. பாதி குடித்த கிளாஸ்கள் இருக்கின்றன, ஆட்களைக் காணோம். எல்லாரும் வேறோர் இடத்துக்குக் கிளம்பிப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான், சாதாரணக் காரணம். ஆனால் அந்தச் சில நிமிஷத்தில் அவனுக்கு வரும் பீதி, அடுத்த நானூறு பக்கத்தில் என்ன நடக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

யேல் ஒரு பல்கலைக்கழக ஓவியக் கூடத்துக்கு நன்கொடை திரட்டும் வேலையில் இருப்பவன். அவனுடைய துணைவன் சார்லி தன்பாலீர்ப்பாளர் பத்திரிகை ஒன்றை நடத்துகிறான். பாதுகாப்பான உறவைப் பற்றி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்பவன். அந்த உபதேசத்துக்கு என்ன ஆகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை. பரிசோதனை வந்த புதிது. எடுக்கலாமா, வேண்டாமா, எடுத்துவிட்டு முடிவு வரும்வரை எப்படி நாளைக் கழிப்பது, முடிவு நல்லதாக வந்தால் அதை எவ்வளவு நம்பலாம்? நான் மேலே சொன்ன அந்த இடைவெளிக்குள் மனிதர்கள் எப்படி மூச்சுவிட்டார்கள் என்பதை இவ்வளவு விலாவாரியாக மற்ற மூன்றிலும் பார்க்க முடியாது. காப்பீட்டுக் கவலை, எய்ட்ஸ் வார்டு, ஊர்வலம், ஒருவனோடு ஒருவன் படுத்ததைக் கூட்டிக் கழித்து யாரிடமிருந்து யாருக்கு வந்திருக்கும் என்று போடும் அசிங்கமான கணக்கு, எல்லாம் இருக்கிறது. நியூயார்க்கும் சான் பிரான்சிஸ்கோவும் நிறையவே எழுதப்பட்ட ஊர்கள். சிகாகோ அவ்வளவாக எழுதப்படவில்லை என்பதால் ஊரும் புதிதாக இருக்கிறது.

நிகோவின் தங்கை ஃபியோனாதான் நாவலின் இன்னொரு தூண். அண்ணனின் நண்பர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இருபது வயதைத் தாண்டியவுடனேயே அவள் தலையில் விழுகிறது. முப்பது வருஷம் கழித்து, 2015இல், தொலைந்துபோன தன் மகளைத் தேடி பாரிஸுக்குப் போகிறாள். ஒரு அத்தியாயம் யேல், ஒரு அத்தியாயம் ஃபியோனா என்று மாறி மாறி வரும். பிழைத்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வியை வேறு எந்த நாவலும் இங்கே கேட்கவில்லை. டோபீனுடைய கதை சாவுக்கு முன்பே நின்றுவிடுகிறது. கிபேர் அதை எழுத உயிரோடு இல்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், கூட்டத்தில் யாராவது சொல்வதற்கு முன். பாரிஸ் அத்தியாயங்கள் இளைத்தவை. மகளைத் தேடும் கதையில் துப்பறியும் நாவலின் வாசனை கொஞ்சம் கூடுதல். 2015 நவம்பர் பாரிஸ் தாக்குதலையும் உள்ளே கொண்டுவந்திருப்பது எனக்கு இன்னும் ஒட்டவில்லை. இன்னொரு ஆட்சேபம் பெரியது. மக்காய் 1978இல் பிறந்தவர். தன்பாலீர்ப்பு ஆண் அல்ல. அந்தக் காலத்தில் சிறுமி. கிபேர் தன் ரத்தத்தைத் தொட்டு எழுதினார், இவர் மற்றவர்களைப் பேட்டி கண்டு எழுதினார் என்று கிபேர் கட்சிக்காரர் நிச்சயம் சொல்வார். சரிதான். அவர் சொல்வதை மறுக்க என்னிடம் ஒரே ஒரு வாதம் இருக்கிறது: உள்ளே இருந்தவர்களுக்கு அந்த வட்டத்தை முழுசாகத் திரும்பிப் பார்த்து எழுத நேரம் கிடைக்கவில்லை. நாவல் எழுதப் பத்து வருஷம் ஆகும், அவர்களில் பலருக்கு இரண்டு வருஷம்தான் இருந்தது. அந்த இடத்தை வெளியாள் ஒருவர் நிரப்பியது நியாயமா என்பதைக் கூட்டத்திலேயே விவாதிக்கலாம். ஃபியோனா பாத்திரம் அந்தக் கேள்வியைத் தானே கேட்டுக்கொள்கிறது என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. அவளும் வெளியாள்தான், தங்கை என்பதைத் தவிர.

நானூறு பக்கத்துக்குமேல் இருக்கிறது. முந்நூறு பக்க நண்பருக்கு என் அனுதாபங்கள். ஆங்கிலம் சிரமப்படுத்தாது, உரையாடல் நிறைய, அத்தியாயங்கள் இழுத்துக்கொண்டு ஓடும்.

அப்புறம் அந்தச் சிறுகதை. சூசன் சொன்டாக்கின் 'தி வே வி லிவ் நவ்', 1986 நவம்பரில் 'நியூயார்க்கர்' இதழில் வந்தது. ஒருவன் நோயில் விழுகிறான். அவன் பெயர் கடைசிவரை வராது, நோயின் பெயரும் வராது. அவனைச் சுற்றி இருக்கும் ஏகப்பட்ட நண்பர்கள் அவனைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். இன்று கொஞ்சம் சாப்பிட்டானாம் என்று இவள் சொன்னதாக அவன் சொன்னான், இல்லை நேற்றைவிட மோசம் என்று இன்னொருத்தி சொன்னாள், யார் எத்தனை மணிக்குப் போய்ப் பார்த்தது, பூ வாங்கிப் போனதா சாக்லெட்டா, எனக்கும் இருக்குமோ, பரிசோதனைக்குப் போகலாமா. ஒரே வாக்கியத்துக்குள் நாலைந்து பேர் பேசுவார்கள். துக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இந்த ஓட்டம் உடனே பிடிபடும். வட்டத்தைக் காட்டுகிறதா என்ற என் அளவுகோலில், பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் பார்த்தால், மக்காயையே இது முந்திவிடும். வட்டத்தைத் தவிர இதில் வேறெதுவுமே இல்லை. ஆனால் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும் கதையை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டம் நடத்தினால், வந்தவர்களுக்கு அந்தக் காலத்தின் நீளம் தெரியாமல் போகும். அந்த மனிதர்கள் வருஷக்கணக்கில் இப்படி இருந்தார்கள்.

ஆகவே என் யோசனை: கூட்டத்துக்கு மக்காய், நுழைவாயிலாக சொன்டாக். எல்லாருக்கும் இது பொருந்தாது. வீட்டிலோ நெருங்கிய நட்பிலோ இப்போது கடும் நோயோடு போராடுகிறவர் இருந்தால் மக்காய் வேண்டாம், அதன் கடைசிப் பகுதி நோயாளியின் படுக்கையிலிருந்தே சொல்லப்படுகிறது. அவருக்கு ஹாலிங்ஹர்ஸ்ட் பரவாயில்லை. சாவு அங்கே அடுத்த அறையில் நடக்கும். குடும்பத்தோடு தன் அடையாளத்தைப் பற்றிப் பேச முடியாமல் இருக்கும் இளைஞர் ஒருவர் கேட்டால் டோபீனைக் கொடுப்பேன், அம்மாவைவிட பாலும் லாரியும்தான் முக்கியம் என்று சொல்லிக் கொடுப்பேன். கிபேரை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அவரைத் தேடுகிறவர்கள் தாங்களாகவே போய்ச் சேருவார்கள்.

நடைமுறை: நாவலை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். முதல் கூட்டத்தில் நாவலைத் தொடாமல் சொன்டாக்கின் கதையை உரக்க வாசிப்போம், ஆளுக்கு ஒரு குரலாகப் பிரித்துக்கொண்டு. குரல்கள் நம் தலைக்கணக்கைவிட அதிகம், ஒருவருக்கு மூன்று நான்கு விழும். யாருக்கு எது என்பதை அடுத்த வாரத்துக்குள் பிரித்து அனுப்பிவிடுகிறேன். ஃபூக்கோ நண்பர்கள் இருவருக்கும் சின்னக் குரல்களாகப் பார்த்துத் தருவேன்.